கூரைவழி

பனி அள்ளும் வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷம்ஸா ஏணியேறி, கூரைத் துவாரத்தின் பலகையைத் தலையால் முட்டித் தள்ளினாள். தெருக்கதவைத் திறக்க முடியாமல் மூன்று நாளாகிறது. ஊரே கூரைப் பனியைத் தெருவில் தள்ளியதில் தெரு கூரைமட்டத்துக்கு உயர்ந்துவிட்டது. முதல் நாள் அவளும்தான் தள்ளினாள். அந்தத் தெரு வழியாகத்தான் அப்பாவைத் தூக்கிப்போக வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

அப்பா ஃபைசுல்லா விடியலில் மவுத்தாகிவிட்டார். கீழே அம்மா அவர் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். தம்பி கணவாய்க்கு அந்தப் பக்கம் டவுனில் மாட்டிக்கொண்டிருந்தான். இருட்டுவதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். கபர்ஸ்தானோ ஊருக்கு மேலே, மலையில். மிச்சமிருந்த ஒரே வழி கூரைக்குக் கூரை ஏறிப்போவது. அதில் முதல் வீடு வைஸியுடையது.

மலைச்சரிவில் வீடுகள் படிபோல அடுக்கியிருந்ததால், அப்பாவின் கூரைதான் மேல்வீட்டு வைஸிக்கு முற்றம். "நடக்கிறவன் அள்ளட்டும்" என்பார் அப்பா. "கீழ படுக்கிறவன் அள்ளட்டும்" என்பார் வைஸி. ஏழு குளிர்காலமாக நடுவில் கல் வரிசை வைத்து ஆளுக்குப் பாதி அள்ளினார்கள். ஒரு சலாம்கூடக் கிடையாது.

தலையை நீட்டிய ஷம்ஸா அப்படியே நின்றாள். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டு நாளாக அவள் மேலே வரவில்லை. ஆனால் கூரை முழுக்கப் பனி அள்ளப்பட்டு மண் தெரிந்தது, தங்கள் பாதியிலும்கூட. அவர் படுத்திருந்த இடத்தில் ஒரு சொட்டும் ஒழுகாததை அப்போதுதான் நினைத்தாள்.

எதிரே தாடியில் பனி உறைய வைஸி நின்றிருந்தார்.

"சித்தப்பா..."

"அழுகை கேட்டுச்சும்மா. எப்போ?"

"பாங்குக்கு முன்னாடி. தெரு அடைச்சிருக்கு. உங்க வீட்டு மேலதான் தூக்கிட்டுப் போகணும். பழசை மனசுல வச்சுக்காம..."

"கேட்டுக்கிட்டு நிக்கிறா பாரு! என் கூரை முடிஞ்சுது. மேல ஜாஃபர் கூரையில ஆளு இறங்கியாச்சு. மொத்தம் பதினோரு கூரை. மதியம் லுஹர் தொழுகைக்குள்ள முடிச்சிருவோம்."

"எங்க பாதியையும் நீங்களே..."

"பின்ன, உங்கப்பன் எந்திரிச்சு வந்து அள்ளுவானா?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். எவன்டா என் கல்லை நகத்துனதுன்னு ஒரு சண்டை போட்டிருப்பான்."

மேலிருந்து அவர் மருமகள் கோனா கத்தினாள்: "மாமா, வாய் மட்டும் வேலை செய்யுது. வாரி சும்மா நிக்குது!"

ஷம்ஸா வாரியை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள்.

பனியை உருக்கிய வெந்நீரில் ஆண்கள் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். மய்யித்தைத் தூக்கிப்போகும் பள்ளிவாசல் சந்தூக் பனிக்கடியில் கிடந்தது. வைஸி போய்த் தன் வீட்டுக் கதவைக் கீலிலிருந்து கழற்றி முதுகில் தூக்கி வந்தார்.

"ஐயோ சித்தப்பா, இந்தக் குளிர்ல கதவையா?"

"வாசல்ல கம்பளி தொங்கவிட்டாச்சு. வால்நட் பலகை, அவன் கனத்தைத் தாங்கும்."

பனியில் வெட்டிய படிகளில் யாருக்கும் கால் வழுக்கக்கூடாது என்று பெண்கள் அடுப்புச் சாம்பலைச் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து தூவினார்கள். வெள்ளை மலையில் கறுப்பாக ஒரு பாதை ஏறியது. ஒவ்வொரு கூரையிலும் அந்தந்த வீட்டு ஆண்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். கடைசிக் கூரையைத் தாண்டும்வரை ஷம்ஸா பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தோள் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டாள்.

மாலை அஸர் தொழுகைக்கு முன்பே எல்லோரும் திரும்பிவிட்டார்கள். தொடைவரை ஈரம். விடிந்ததிலிருந்து வாய் திறக்காத அம்மா, பெட்டியைத் திறந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்தாள்.

"வைஸி, காலைக் காட்டு."

"இருக்கட்டும் மதினி. அடுப்புல காஞ்சிரும்."

"காட்டுன்னா காட்டு. புதுசுதான். இந்தக் குளிருக்குன்னு பின்னுனேன். அவரு ஒருநாளும் போடல."

வைஸி காலை நீட்டினார். அம்மாவே குனிந்து மாட்டிவிட்டாள்.

"பெருசா இருக்கே, மதினி."

"அவருக்குக் காலு பெருசு."

ஷம்ஸா தேநீர் ஊற்றினாள். வந்தவர்களின் ஈரக் காலுறைகள் அடுப்பைச் சுற்றித் தொங்கி ஆவி விட்டன. வைஸி போட்டிருந்த காலுறையின் குதிகால் பகுதி அவர் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. அவர் அதை இழுத்துவிடாமல், கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.