அடி எதுவும் இல்லை

"தலையில அடி கிடி பட்டிருக்கா? ஒரு மாசத்துக்குள்ள எங்கயாவது விழுந்தாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் திருமலை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கட்டிலில் அவருடைய தங்கை புருஷன் பக்தவச்சலம் நெஞ்சைப் பிசைந்துகொண்டு, மூச்சு பத்தாமல் வாயால் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஊற்றும். தங்கை கன்னியம்மாவும் மாவுக்கட்டுப் போட்ட இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "இல்லீங்க டாக்டர்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அடி என்று சொல்லக்கூடாது. அவர்கள் தெருவில் இது தெரியாதவன் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், ஒரு தகராறில் திருமலைக்குக் கை கிழிந்தபோது இதே மாதிரி கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் அன்பாகத்தான் கேட்டார், எப்படிப்பா அடிபட்டது என்று. திருமலை உள்ளதைச் சொன்னார். தையல் போட்டு முடிப்பதற்குள் வாசலில் போலீஸ் நின்றது. லாக்கப்பில் எட்டு நாள். மழை பிடித்தால் இன்றைக்கும் குதிகாலில் அந்த லத்தி வலிக்கிறது. வெள்ளைக் கோட்டையும் காக்கிச் சட்டையையும் ஒரே தையல்காரன்தான் தைக்கிறான் என்பது அன்றிலிருந்து அவர் கட்சி.

மூன்று நாளைக்கு முன் பக்தவச்சலம், கிரிக்கெட் நடுவில் டிவியை மாற்றிவிட்டாள் என்று, கன்னியம்மாவின் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு போன சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. திருமலை போனார். லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையால் அவன் இடது காதுக்கு மேலே ஒரே போடு போட்டார். தேங்காய் பிளக்கிற மாதிரி கேட்டது. அவன் சுவரோடு சரிந்து, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சோறு கேட்டான். அண்ணன் ஜெயிலுக்குப் போகக்கூடாதே என்று கன்னியம்மா காயத்தில் மஞ்சளை அப்பி, மேலே எண்ணெய் தடவி, முடியைப் படிய வாரிவிட்டாள். ஒற்றைக் கையால்.

நர்ஸ் ஆன்சி ஊசியைக் குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டாள். "பயப்படாதக்கா. நெஞ்சுக்குப் போற குழாயில ரத்தம் கட்டிகினு அடைச்சிருக்கு. இது அத்த கரைச்சிடும். ஒரு மணி நேரத்துல ஏறிடும்."

"நல்ல மருந்தாம்மா?"

"நல்லதுதான். ஆனா அதுக்குக் கண்ணு கிடையாதுக்கா. எங்க ரத்தம் கட்டி ஆறிகினு கீதோ அதயும் சேத்துக் கரைச்சிடும். அதான் டாக்டர் தலைய பத்திக் கேட்டாரு. மண்டையில அடி இருந்தா உள்ளயே கொட்டிடும். ஆளு அவ்ளோதான்."

கன்னியம்மா அண்ணனைப் பார்த்தாள். திருமலை பாட்டிலைப் பார்த்தார். சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா நின்றால் போதும். கட்டை பாதியில் விட்டதை இந்தத் தண்ணீர் முடித்துவிடும். நெஞ்சுவலியில் போனான் என்பார்கள். யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. தங்கச்சிக்கு இன்னொரு கையாவது மிஞ்சும். கால் பாட்டில் இறங்கும்வரை அவர் அசையவில்லை.

"மச்சான்" என்று முனகினான் பக்தவச்சலம். "தல நோவுது மச்சான்."

எதையும் நல்லபடியாகச் சொல்லித் திருமலைக்குப் பழக்கமில்லை. ஒரே எட்டில் போய்க் குழாயைப் பிடித்து இழுத்தார். ஊசி பிய்ந்து, ரத்தம் ஆன்சியின் உடுப்பெல்லாம் தெறித்தது. அவள் பஞ்சை வைத்து அமுக்கியும் நிற்கவில்லை. பாட்டில் தரையில் விழுந்து சிதறியது. வார்டு ஆள் ஓடிவந்து திருமலையின் கழுத்தைச் சுவரோடு நெரித்து வாயிலேயே குத்தினான்.

"பாக்க வந்தியா, கொல்ல வந்தியா பெருசு?"

உடைந்த பல்லைத் துப்பினார். "நான்தான் அட்ச்சேன். கட்டையால. மண்டையில. மூணு நாளாவுது. எழுதிக்க."

டாக்டர் எண்ணெய் முடியை விலக்கினார். மஞ்சளும் கறுத்த ரத்தமும் பொருக்குத் தட்டி, கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

"வழுக்கி விழுந்தான்னு சொல்லியிருந்தாகூட இத ஏத்தியிருக்க மாட்டேனே" என்றார். "கால்வாசி உள்ள போயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மொதல்ல தலைய படம் எடுப்பாங்க. உள்ள கசியலன்னா பலூன் விட்டு அடைப்பத் திறப்பாங்க. அதுவரைக்கும் தல ஆடக் கூடாது." பிறகு போனை எடுத்தார். யாருக்கு என்று திருமலை கேட்கவில்லை.

கல்மண்டபம் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நின்றன. ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டே குழிக்குக் குழி இறங்கி ஏறியது. திருமலை தலைமாட்டில் மண்டியிட்டு, பக்தவச்சலத்தின் தலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்திருந்தார். அவன் ஈறுகளில் சிவப்பாகக் கசிந்தது.

"கெட்டியா புட்ச்சிக்கண்ணே" என்றாள் கன்னியம்மா.

கெட்டியாகப் பிடிக்க அவருக்குப் பயமாக இருந்தது. விரலுக்கு அடியில் அந்த வீக்கம் மெத்தென்று, சூடாக, துடித்துக்கொண்டிருந்தது.