மாப்பிள்ளையின் வெளுத்த முகம்

மாப்பிள்ளையை ஒருத்தராவது சோதிச்சுப் பாத்தீங்களா?

கேள்வி தொண்டைவரை வந்து நின்றது. அவள் அதை விழுங்கிவிட்டுக் கூண்டுத் தட்டைக் கழுவினாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் பராமரிக்கும் அந்த அறையில் எட்டுப் பெண் குரங்குகளுக்கு ஒரே ஆண். தட்டு வந்தால் மட்டும் கை நீட்டுவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். பெண்களில் எப்போதும் பல்லைக் காட்டும் ஒன்றுக்குச் சிடுமூஞ்சி. பகல் குறையும் பருவத்தில்தான் இந்த இனத்துக்கு ஹார்மோன் ஏறும். ஆணின் முகம் மிளகாய்ப்பழமாய்ச் சிவக்கும். பெண் குரங்குகள் சினை பிடிக்கும். வெளிக்கூண்டில் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. புதுக் கட்டிடத்தில், கழுவ வசதியென்று, காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பதுவரை விளக்கு எரிகிறது. வெளியே பருவம் மாறியும் உள்ளே கோடை முடியவேயில்லை. மாப்பிள்ளையின் முகம் வெளுத்தே கிடந்தது.

டாக்டர் அட்டையோடு வந்தார்.

"சிடுமூஞ்சிக்குக் குட்டி இல்லாம இது ரெண்டாவது வருஷம்மா. மலடுன்னு எழுதியாச்சு. நாளைக்கு மருந்து ஆய்வுக்கு அனுப்பிடலாம். பராமரிக்கிறவங்க கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டாங்க. இங்க போடு."

அந்த ஆய்வுக்குப் போன எந்தக் குரங்கும் உயிரோடு திரும்பியதில்லை.

"எட்டுக்கும்தானே குட்டி இல்ல? எட்டுமா ஒண்ணா மலடாச்சு, டாக்டர்?"

"முதல்ல இது போகட்டும்."

"விளக்கு நேரத்தைக் குறைச்சுப் பாருங்கன்னு போன வருஷமே சொன்னேன்."

"ஆமா, குரங்குக்கு ஒரு காலண்டரும் மாட்டி விடுவோம்!" சிரித்தார். "குட்டி போடறது பெட்டையோட வேலை. போடலை. அவ்வளவுதான்."

அவளுக்கும் குழந்தைக்காக நான்கு வருஷம் ஊசி போட்டார்கள். வயிற்றைத் திறந்துகூடப் பார்த்தார்கள். "என் பிள்ளைக்கு என்ன குறை?" என்று மாமியார் கேட்டதற்கு யாரும் பதில் தேடவில்லை. ஆபரேஷன் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள், கைகூட நடுங்காமல். அந்தச் சாந்தத்தை நினைத்தால்தான் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பிக்குப் பின்னால் சிடுமூஞ்சி டாக்டரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

டாக்டர் பேனாவை நீட்டினார். கை ஈரம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டு, அட்டையின் மேல் வைத்து, அவரிடமே கொடுத்தாள்.

"நான் போட மாட்டேன், டாக்டர்."