ஊசிக் கட்டிகள்

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஆட்டக்காரப் பெண்கள் ஒருவருக்கொருவர் முதுகில் கொக்கி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமானவளுக்கு மட்டும் கொக்கி சேரவில்லை. இடது மார்பு வீங்கியிருந்தது.

"என்னடி, இன்னொரு கோலிக்குண்டு முளைச்சிருக்கா?" என்றாள் மாட்டிவிட்டவள். எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையும்தான்.

அந்தக் குழுவில் கோலிக்குண்டு இல்லாதவளே கிடையாது. மார்பு எடுப்பாக இல்லாதவளுக்கு முன்வரிசை இல்லை என்று வாய் கூசாமல் சொன்ன மேனேஜர், ஒரு பார்லர்க்காரியை வரவழைத்து எல்லோருக்கும் ஊசியால் ஜெல் ஏற்ற வைத்தான். அது உள்ளே கட்டி கட்டியாக நின்றுவிட்டது. "அப்படித்தான் இருக்கும், நல்லா தேய்ச்சு விடு, கரைஞ்சிடும்" என்பாள் அவள். பெண்கள் அதையே கேலியாக்கிக்கொண்டார்கள். புதிதாக ஒரு கட்டி வந்தால் பயப்பட வேண்டும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

நெட்டையின் கட்டிமேல் தோல் குழி விழுந்தது. துணிக்கடையில் வேலை பார்க்கும் அவள் அக்கா அதைப் பார்த்துவிட்டு, அவளைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எடுத்த படத்தில் மார்பு முழுக்க வெள்ளைத் திட்டுகள்.

"ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வெளியே சொன்னால் வேலை போய்விடும். "இல்லீங்க."

"பொய் சொல்றா டாக்டர்!" அக்கா கொதித்தாள். "போட வெச்சானுங்க, பாவிங்க."

"அந்த மருந்துதாம்மா எல்லாத்தையும் மறைக்குது. இந்தப் படத்துல எது எதுன்னு பிரிக்க முடியல. வேற ஸ்கேன் எடுக்கணும், சதை எடுத்தும் பார்க்கணும்."

பார்த்தார்கள். புற்றுநோய். அக்குள் வரை வந்திருந்தது.

"ரொம்ப நாளா கைக்குத் தட்டுப்பட்டிருக்குமே, என்ன செஞ்சீங்க?"

"தேய்ச்சு விட்டேன்" என்றாள் நெட்டை.

அன்று மாலையே மேனேஜர் முன்னால் போய் நின்று கத்தினாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானா ஊசி போட்டேன்? அழகா இருக்கணும்னு ஆசைப்பட்ட, போட்டுக்கிட்ட."

அவள் நேராக உடைமாற்றும் அறைக்குப் போனாள். "கேலியெல்லாம் போதும்டி. எனக்குக் கேன்சராம். நாளைக்கே எல்லாரும் போய்க் காட்டுங்க. ஊசி போட்டதை மறைக்காம சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. ஒருத்தி மெல்லத் தன் மார்பைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள்.

"பாட்டு போட்டாச்சு, வாங்கடி!" மேனேஜர் கதவைத் தட்டினான்.

கைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். திரை விலகியது. முன்வரிசையில், நெட்டையின் இடத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சிரித்தபடி நின்றாள். அவள் கை தூக்கியபோது மார்பை ஒட்டி, உடையின் விளிம்பில் புத்தம்புது பிளாஸ்திரி ஒன்று எட்டிப் பார்த்தது.