மூடிய தூளி

"தங்கமான கொழந்தடி. அழவே அழாது. ஒங்க புள்ளைங்களும் கீதுங்களே!" என்று மேஸ்திரி தனகோடி என் மகளைக் காட்டி மற்ற பெண்களிடம் சொன்னபோது, கையிலிருந்த கலவைச் சட்டியை அவன் தலையில் கவிழ்க்கத் தோன்றியது எனக்கு.

கோவளத்தில் யாரோ ஒருவர் கடலைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்த பங்களா. அன்று மாடிக்குக் காங்கிரீட். காங்கிரீட் நாளில் யாரும் வரிசையை விட்டு நகரக் கூடாது. மிக்சரிலிருந்து சட்டி கை மாறிக் கை மாறிச் சாரம் ஏறும். ஒரு கை விலகினால் எல்லாம் நின்று கலவை இறுகிவிடும். என் பெண்சாதி பார்வதம் தரையில் நின்றாள், அவளுக்கு மேல்படியில் நான். எங்கள் ஸ்ரீதேவி பூவரச மரத்துத் தூளியில் கிடந்தாள். எட்டு மாதம். சிமெண்டுத் தூசி படாமலிருக்கத் தூளியின் வாயை மூடி ஊக்கு குத்தியிருந்தோம். சித்தாள் வேலைக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பொழுதுக்கும் அவள் பார்த்த உலகம் ஒரு பச்சைச் சேலையின் உள்பக்கம். முதலில் அழுதாள். யாரும் போகவில்லை. பிறகு அழுவதை விட்டுவிட்டாள். அதற்குப் பெயர் தங்கம்!

முந்தின நாள் ஊசி போட்ட நர்ஸம்மா குழந்தையின் முகத்துக்கு நேரே சொடக்குப் போட்டாள், சிரித்துக் காட்டினாள். ஸ்ரீதேவி அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். "காது நல்லாத்தான் கேக்குது. இவகிட்ட யாருமே பேசறதில்லையா? மூஞ்சியக் காட்டுங்க, கைதட்டி வெளையாடுங்க. இனிமேலும் தள்ளிப்போடாதீங்க." எப்போது விளையாடுவது? வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். விடிவதற்குள் தூங்குகிறவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் லாரி ஏறியிருப்போம்.

"மேஸ்திரி, ஒரே ஒரு வாட்டி புள்ளையாண்ட போய்ட்டு வந்துடறேன்" என்றாள் பார்வதம்.

"பால் குடுத்தாச்சு இல்ல? அப்பறம் இன்னா?"

"கொஞ்சம் பேசணும்."

"எட்டு மாசப் புள்ளையாண்ட இன்னாத்த பேசுவ, ஊர் நாயமா? மிசினு ஓடிக்கினு கீது, சட்டிய வாங்கு!"

சாரம் முழுக்கச் சிரித்தது. பார்வதம் குனிந்து அடுத்த சட்டியை வாங்கினாள். அந்தக் குனிவுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வந்த காலிச் சட்டியோடு இறங்கி நடந்தேன்.

"அண்ணாத்த, நீயா பால் குடுக்கப் போற?" என்று எனக்கு மேல்படியில் நின்ற உலகநாதன் கத்தினான்.

"டேய் சடையப்பா, வரிசைக்கு வாடா! நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்காத!" இது மேஸ்திரி.

ஊக்கைப் பிய்த்தேன். வெளிச்சம் விழுந்ததும் ஸ்ரீதேவி கண்ணைச் சுருக்கினாள். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, அவளை மடியில் சாய்த்து மணலில் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "தேவிம்மா, நைனாடி. நைனா வந்துகீறேன், பாரு." அவள் பார்க்கவில்லை. சட்டியைக் கவிழ்த்து ஓங்கி அடிக்கப் போன கையை அடக்கி, விரலால் மெல்லத் தட்டினேன். டொய்ங். இன்னொரு முறை.

பின்னால் வரிசை நின்றுபோயிருந்தது. மிக்சர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மணலில் பார்வதம் ஓடிவரும் சத்தம் கேட்டது.

ஸ்ரீதேவியின் பார்வை மெதுவாக வந்து என் வாயில் நின்றது. சிரிக்கவில்லை. பிறகு அது சட்டிக்கு இறங்கியது. ஒரு கையைத் தூக்கியவள், தட்டாமல், கீழே இறக்காமல், அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தாள்.