இரண்டாவது பொன்னாடை

பேர்ணடெற் புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கத் தலைவியாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் சூசைதாசன் அவள்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எல்லாம் பிரதம விருந்தினரால் வந்த வினை.

மிசிசாகாவில் அவள் வேலை செய்த ஹோட்டலில், லோமாரு என்ற பசிபிக் தீவு நாட்டின் பிரதமர் மீன்பிடி மாநாட்டுக்காக வந்து தங்கியிருந்தார். ஒன்பதாயிரம் சனம், பதினேழு எம்பிமார். சங்கத்தின் ஒன்றுகூடலுக்குப் பிரதம விருந்தினராக வரமுடியுமா என்று அவள் கூச்சத்தோடு கேட்டாள். அவர் உடனே சம்மதித்தார். நோட்டீசில் பெரிய எழுத்தில் 'பிரதமர்' என்று அடித்தாயிற்று. ஒன்றுகூடலுக்கு முதல்நாள் அவருடைய பாராளுமன்றம் ஒன்பதுக்கு எட்டு என்று அவரைக் கவிழ்த்துவிட்டது. பேர்ணடெற் ஒரேயொரு ஆளிடம்தான் சொன்னாள். காலையில் சங்கம் முழுக்கத் தெரிந்திருந்தது.

ஒன்றுகூடல் நடந்த சென் ஜேம்ஸ் ரவுண் மண்டப வாசலில் சூசைதாசன் மறித்தார்.

"தங்கச்சி, பிரதமர் எண்டு சொல்லி வேலையில்லாத ஆளையெல்லோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்?"

"நேற்றுவரைக்கும் பிரதமர்தான், அண்ணை."

"நேற்றுவரைக்கும் என்ர வீட்டுப் பாலும் நல்லாத்தான் இருந்தது. கூட்டம் முடிய வோட்டுக்கு விடுறன்."

அவள் விருந்தினர் பக்கத்தில் போய் அமர்ந்து, தன் பயத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். நான்கு தடவை பிரதமராகி நான்கு தடவையும் விழுந்தவர் அவர். சிற்றுண்டித் தட்டிலிருந்த ரோல்ஸைக் கடித்தபடி, "அந்த ஆளுக்கு என்ன ஆசை?" என்று மட்டும் கேட்டார்.

சூசைதாசனின் கண் பொன்னாடைத் தட்டிலேயே நின்றது. விருந்தினருக்கு அதைப் போர்த்துவது தலைவரின் உரிமை. அடுத்த கிழமை பேப்பரில் படம் வரும். சேவை, சேவை என்று சொல்லிக்கொண்டு தானும் அந்தப் படத்துக்காகத்தான் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. ஆனாலும் எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"இப்ப எங்கட சூசைதாசன் அண்ணை பொன்னாடை போர்த்துவார்."

அவர் தீர்மானக் கடதாசியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார். "முன்னாள் என்ன, இந்நாள் என்ன, பிரதமர் பிரதமர்தானே!" என்று முழங்கிவிட்டு, படம்பிடிப்பவரிடம் இரகசியமாக, "என்ர முகம் விழுதோ?" என்றார்.

வோட்டைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

விடைபெறும்போது விருந்தினர் தோளிலிருந்த சரிகையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னொன்று கிடைக்குமா? செவ்வாய்க்கிழமை எங்கள் நாட்டில் மறுபடியும் வாக்கெடுப்பு."

"எதிர்ப்பக்கம் ஒன்பது பேர் அல்லவா?"

"ஒருவன் போதும்."

இன்னொன்று அவள் கைப்பையில் இருந்தது. யாராவது நினைத்துக்கொண்டால் தலைவிக்கும் போர்த்தட்டும் என்று அவளே வாங்கிவைத்தது. யாரும் நினைக்கவில்லை. எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"படம் எடுக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்," என்றாள்.