ட்ரம்பெட் இல்லாத பதிப்பு

எவெரார்தோவின் வீட்டில் இரண்டு ரெக்கார்ட் பிளேயர்கள் இருந்தன. ஒன்றில் உலகத்திலுள்ள எல்லா இசைத்தட்டும் ஓடும். மற்றொன்றில் ஒரே ஒரு தட்டுதான் ஓடும். கண்ட தட்டையும் தேய்த்த முள் அதன்மேல் படக்கூடாது என்பது அவர் கொள்கை. பிளேயரையும் தட்டையும் சேர்த்தே புவெனவெந்தூரா துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் வாங்கியிருந்தார்.

நியூயார்க்கில் பதிவான பழைய சல்சா ஆட்டப்பாட்டு அது. அதே தட்டு ஒப்ரேரோ பேட்டையில் பாதி வீடுகளில் கிடக்கிறது. ஆனால் எவெரார்தோவின் தட்டில் மட்டும் ட்ரம்பெட் கிடையாது. பாடகரும் தாளமும் வலது ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்கும். இடது பெட்டி வாயே திறக்காது. சம்பளத் தகராறில் ட்ரம்பெட்காரர்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியேறினார்கள், அவர்கள் திரும்புவதற்குள் கொஞ்சம் தட்டுகள் அச்சாகிவிட்டன என்று பேட்டையின் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். இதை முதலில் சொன்னது யார் என்று தெரியாது. தகராறில் யார் யாரை அறைந்தார் என்பதுவரை தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை தோன் கில்தார்தோ வருவதாக இருந்தது. டிசம்பர் திருவிழாவில் சேகரிப்பாளர்கள் மேடையில் எந்தத் தட்டு ஒலிக்கும் என்று தீர்மானிப்பவர் அவர். அவர் தலையசைத்தால் எவெரார்தோ தன் தட்டோடு மேடையேறலாம். முப்பது வருஷம் பல் மருத்துவராக இருந்த மனிதர், சொந்த மகன் கல்யாணத்துக்குக்கூட இப்படித் தவித்ததில்லை என்பது அவர் மனைவி எதில்மாவுக்குத் தெரியும்.

எவெரார்தோவுக்கு ஒரே ஒரு குறை. பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஒயர் பழசு. போகோட்டாவில் ஒரு கடையில் வெள்ளி ஒயர் இருந்தது. விலை, பாதி பல் ஆஸ்பத்திரிக்குச் சமம்.

"அதைப் போட்டா வாத்தியங்களுக்கு நடுவுல காத்து ஓடுமாம்" என்றார் சாப்பிடும்போது.

"ஜன்னலைத் திறந்தாலும் ஓடும், கிழவா. சூப்பைக் குடி."

அப்படிச் சொன்னாளே தவிர எதில்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கடைத்தெருவில் சில்லறை மின்சாமான் விற்பவனிடம் போய் விசாரித்தாள். ஒரு காலை உணவுக்கான காசில் ஒயரைக் கொடுத்தான் அவன்.

"உள்ள செம்பு, மேல நல்ல உறை, முனை ஆடாது. ஒரு ஒயர்கிட்ட இதுக்கு மேல என்னம்மா எதிர்பார்ப்பீங்க?"

சனிக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மாற்றினாள். வலது பெட்டிக்கான சிவப்புக்குச் சிவப்பு, இடதுக்கான வெள்ளைக்கு வெள்ளை. போட்டுக் கேட்கவில்லை. அந்த முள்ளை இறக்குவது அவர் கை மட்டுமே. பாட்டு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று கறி அடைத்த எம்பனாடா பொரிக்கப் போய்விட்டாள்.

தோன் கில்தார்தோவை வழக்கப்படி இடது பெட்டிக்கு அருகில் உட்காரவைத்தார்கள். ட்ரம்பெட் இல்லாததை அங்கிருந்துதான் நன்றாகக் கேட்கலாம். கூட வந்த ஹூவெனால், எந்தப் பாட்டுக்கும் கூடவே தட்டும் மாட்டுமணியை மரியாதையாகத் தரையில் வைத்தார். இந்தத் தட்டுக்கு யாரும் தட்டுவதில்லை.

எவெரார்தோ முள்ளை இறக்கினார்.

நான்கு ட்ரம்பெட்கள் ஒன்றாகப் பிளிறின. தோன் கில்தார்தோவின் சோம்புச் சாராயம் அவர் மடியிலேயே கொட்டியது.

எவெரார்தோ முள்ளைத் தூக்கி, தட்டின் பெயரைப் படித்துப் பார்த்தார். அதே தட்டுதான்.

"நான் ஒயரை மாத்தினேன்" என்றாள் எதில்மா, தட்டு நிறைய எம்பனாடாவோடு வாசலில் நின்று. "உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு."

"எந்தக் கடை ஒயர் செஞ்யோரா?" என்றார் தோன் கில்தார்தோ, மடியைத் துடைத்தபடி.

சொன்னாள்.

"அதான பார்த்தேன்! மட்டமான ஒயர் இப்படித்தான். இல்லாததெல்லாம் கேட்கும்."

"ட்ரம்பெட் கூடவா?" என்றாள்.

"எங்க மச்சான் வீட்ல வயலினே கேட்டுச்சு" என்றார் ஹூவெனால்.

பழைய ஒயரைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து மாட்டினார்கள். ட்ரம்பெட் போய்விட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். தோன் கில்தார்தோ கண்ணை மூடி இடது பெட்டியின் மௌனத்தைக் கேட்டு, மெல்லத் தலையசைத்தார்.

"டாக்டர், மேடை உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு, வீட்டம்மாவை இந்தப் பக்கம் விடாதீங்க. இதென்ன குழம்புக்கரண்டியா, ஆளாளுக்கு மாத்த?"

ஹூவெனால் சிரித்தார். புது ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்த எதில்மா சிரிக்கவில்லை. கணவரையும் பார்க்கவில்லை.

எவெரார்தோ பார்த்தார். வலிக்கும் பல் எது என்று தெரியாதபோது பக்கத்துப் பல்லையும் தட்டிப் பார்ப்பது அவர் தொழில். மேடை கிடைத்துவிட்டது, தட்டாமல் விட்டிருக்கலாம். அவர் குனிந்து, பழைய ஒயரின் சிவப்பு முனைகளைப் பிடுங்கி வெள்ளை இருந்த இடத்திலும், வெள்ளையைச் சிவப்பின் இடத்திலும் செருகினார். முள்ளை இறக்கினார்.

இடது பெட்டியில் ட்ரம்பெட்கள் முழங்கின. வலது பெட்டியில் சத்தமே இல்லை.

"இப்ப பாடகரும் சம்பளத் தகராறுல கிளம்பிட்டாரா, தோன் கில்தார்தோ?" என்றார்.

பாட்டு பாடகர் இல்லாமலே முடிந்தது.

"டாக்டர், அப்படின்னா இது..." என்று இழுத்தார் ஹூவெனால்.

"உங்க வீட்ல இருக்கிற அதே தட்டு. ஒயர்ல ஒரு பக்கம் செத்துப்போச்சு. பன்னிரண்டு வருஷமா நான் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கேன், உங்களையும் கேட்க வச்சிருக்கேன். கண்டுபிடிச்சது என் வீட்டம்மா. அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு எம்பனாடா சாப்பிடுங்க."

தோன் கில்தார்தோ மன்னிப்புக் கேட்டார். எம்பனாடா ஆறிக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். மேடையைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை வரவில்லை. கிளம்பும்போது மட்டும் சமையலறைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"செஞ்யோரா, அந்த ஒயர்க் கடை எங்க? என்கிட்ட பியானோ இல்லாத பதிப்பு ஒண்ணு இருக்கு."

அவர் முகத்தைப் பார்த்து எதில்மாவுக்குப் பாவமாகிவிட்டது. வழி சொன்னாள்.

கதவைச் சாத்திவிட்டு அவள் வந்தபோது எவெரார்தோ புது ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வருத்தமா கிழவா?"

"ஆமா" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. பிறகு, "முள்ளை நீ இறக்கு" என்றார்.

"எனக்குக் கை நடுங்கும்."

"நடுங்கட்டும். சாதாரணத் தட்டுதான!"