அண்ணன் டிவி பார்க்கும் வழி

நாற்பத்தாறு வயதுப் பெண்ணை யாராவது பொடிசு என்று கூப்பிடுவார்களா? அண்ணன் கூப்பிடுவார். பதினான்கு வயது மூத்தவர். கணவன் வீடு ஒத்துவராமல் இவள் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற அன்று, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தவர். அப்படிப்பட்டவரிடம் முகத்தைச் சுளிக்க முடியுமா, சொல்லுங்கள்.

அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் கடல் தாண்டி ஒரு சிமென்ட் ஆலையில் வேலைக்குப் போய்விட்டார். அங்கே அவர் அறையில் வருகிற எந்தச் சேனலும் அவருக்குப் புரியாத மொழி. மூன்று வருஷத்துக்கு முன்னால் விடுப்பில் வந்தபோது, டிவிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை மாட்டிவிட்டுப் போனார். இங்கே டிவியில் ஓடுவதை அது இணையத்தின் வழியாக அங்கே அவர் போனுக்கு அனுப்பிவிடும். சேனலைக்கூட அவர் அங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரண்ட் போய் வந்தால் வீட்டு இணையத்தின் நம்பர் மாறிவிடும். அண்ணன் பழைய நம்பரில் முட்டிக்கொண்டு நிற்பார். உடனே போன் வரும். இவள் புது நம்பரைத் தேடி எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் படிக்க வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரத்தலையோடு ஓடிவருவாள். இந்த மூன்று வருஷத்தில் ஒரு கல்யாண வீட்டில்கூட அவள் ராத்தங்கியதில்லை. கடைக்குப் போகையில் தெருமுனையில் நின்று, கரண்ட் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பாள்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே தையல் பிரிவில் படுக்கை விரிப்பும் ஆபரேஷன் அங்கியும் தைக்க வேண்டும். தங்க அறையும் உண்டு. வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அண்ணனிடம் சொன்னாள். அவர் போகாதே என்று சொல்லவில்லை.

“போயேன், யாரு வேணாம்னா? டப்பாவை யாரு பாத்துக்குவான்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

போனை வைத்தபோது கூடத்தின் நாலு சுவரும் ஓரடி கிட்டே வந்துவிட்டது போலிருந்தது அவளுக்கு.

ஆள் இல்லாமல் டப்பாவை ஓட வைக்க முடியுமா? புதன்கிழமை இணையம் போட்டுக் கொடுத்தவரை வரவழைத்தாள். கை வேலை செய்தால் வாயும் கூடவே வேலை செய்யும் ரகம் அந்த மனிதர். நம்பர் மாறினால் மாறட்டும், வீட்டுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாம், எந்த நம்பர் வந்தாலும் பெயர் போய் அதோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். டப்பாவுக்கு வீட்டுக்குள்ளே மாறாத ஒரு நம்பரைக் கொடுத்தார். ரவுட்டரில் வெளியிலிருந்து அதற்கு வர ஒரு வழியும் திறந்துவிட்டார். கூடத்தில் நின்றபடியே இவள் போனில் தட்டிப் பார்த்தார்கள். படம் பளிச்சென்று வந்தது. மனிதர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, போருக்குப் போய் ஜெயித்தவர் மாதிரி கிளம்பினார்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். ஒன்றும் வரவில்லையாம். ஆள் இல்லாமல் அது ஓடாது என்று தனக்கு முன்னாலேயே தெரியும் என்றார். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வந்த இணையக்காரர் இரண்டு நிமிஷத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

“வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே வெளியேருந்து வர முடியுதான்னு பாத்திருக்கோம்க்கா. நம்மளை என்ன சொல்றது?”

விஷயம் இதுதான். கம்பெனி கொடுத்த மோடம் ஒன்று, அதற்குப் பின்னால் அண்ணன் வாங்கி வைத்த ரவுட்டர் ஒன்று. உள்கதவைத் திறந்தவர் வாசல் கதவை மறந்துவிட்டார். மோடத்திலும் வழியைத் திறந்துவிட்டு, போனில் வைஃபையை அணைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

அவள் பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். அங்கே நின்று தட்டினாள். செய்தி வாசிக்கும் பெண் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்து செய்தி வாசித்தாள். வீட்டில் ஓடுவது வீட்டில் ஓடுகிறது, நாம் இங்கே நிற்கிறோம்! இரண்டு பஸ் வந்து போகும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய் வந்தது. பழக்க தோஷத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் வரவில்லை. கூடத்து டிவியில் மட்டும் சேனல் தானாக மாறியது. அண்ணன் அங்கேயிருந்து மாற்றுகிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். படம் கண்ணாடி மாதிரி வருகிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு, பூட்டின வீட்டில் கரையான் ஏறும் என்றார். தண்ணீர்த் தொட்டி பாசி பிடிக்கும் என்றார். புது இடத்துத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். ஒன்றுக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது. தன்னைக் கட்டிப்போட்டது டப்பா என்றல்லவா நினைத்திருந்தாள். டப்பாவை அவிழ்த்தாயிற்று, முடிச்சு அப்படியே இருக்கிறது.

“அண்ணா,” என்றாள். “இனிமே டப்பாவுக்கு ஆள் வேண்டாம். உங்களுக்குத்தான் இங்க ஒரு ஆள் வேணும்.”

அவர் அடுத்ததைத் தொடங்குவதற்குள் அவளே சொன்னாள்.

“நான் திங்கக்கிழமை சேர்றேன். நாளைக்கு மத்தியான பஸ்ஸு. வீட்டுச் சாவியை எதிர்வீட்டு டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போறேன்.”

அண்ணன் இருமினார். தொண்டையைச் செருமினார். வைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

“அந்தத் தையல் ரூம்ல,” என்று மெல்லக் கேட்டார், “போனைக் கையில வச்சிக்க விடுவாங்களா பொடிசு?”

அவளுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்க ஸ்டூலைத் தேடிப் போனாள். போன் காதிலேயே இருந்தது. அவரும் வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை.